எஞ்சின் வாயில் கட்டிய ஈரத்துணி

என் கொளஞ்சிக்கு,

மாப்ள, வருகிற செவ்வாய்க்கிழமை நான் கடலூருக்குப் போகிறேன். உன் பெண்டாட்டி பெரியநாயகியும் வருகிறாள். உனக்கு வந்தது என்ன நோய், அது எங்கிருந்து வந்தது என்று அங்கே ஓர் அதிகாரி விசாரிக்கப்போகிறார். நீ செத்துப் பதினான்கு மாதம் ஆகிறது. நாயகி மனுப் போட்டு, அலைந்து, திரும்பத் திரும்பப் போய் நின்ற பிறகுதான் இந்த விசாரணையும் வந்தது.

அங்கே சொல்ல வேண்டியதை முதலில் உன்னிடம் சொல்லிவிட வேண்டும். நோட்டில் எழுதி மூடி வைத்தால் செவ்வாய்க்கிழமை காலையில் எனக்கு மனசு மாறிவிடலாம். என்னை எனக்குத் தெரியும். அதனால் நம் ஊர்த் தொழிலாளர்கள் நடத்துகிற பத்திரிகையில் இந்த வாரமே போடச் சொல்லிக் கொடுக்கிறேன். ஊரே படித்துவிட்டால் நான் எங்கே திரும்பி ஓடுவது?

ஊர்ச் செய்தி கேள். மின்வெட்டு அப்படியேதான் இருக்கிறது. நாட்டுக்கே ஃபியூஸ் கட்டை செய்து அனுப்புகிற விருத்தாசலத்தில் கரண்ட் இல்லை என்று நீ சிரிப்பாயே, அந்தச் சிரிப்புக்கு இன்னும் வேலை இருக்கிறது. நம் பீங்கான் கம்பெனியில் நீ ஓட்டிய ஒற்றை சிலிண்டர் எஞ்சின் போய்ப் புது எஞ்சின் வந்துவிட்டது. அதற்குத் தனி அறை, சிமெண்ட் தரை, ஜன்னலில் வலை. காற்று இழுக்கிற வாயில் இரண்டடுக்கு ஃபில்டர். சுவருக்கு இந்தப் பக்கம் கல் அரைக்கிற கொட்டகை. அதில் ஒன்றும் மாறவில்லை. வெள்ளைக்கல்லை வாரி மிஷினுக்குள் போடுகிறவர்கள் தலையில் துண்டு கட்டியிருக்கிறார்கள், மூக்கில் ஒன்றும் இல்லை. புருவமெல்லாம் வெளுத்துக் கிழவர்கள் மாதிரி நிற்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் எல்லாரும் நம் வயசுக்காரர்கள்.

நான் மெட்ராசில் என்ன படிக்கிறேன் என்று நீ ஒவ்வொரு லீவிலும் கேட்டாய். எஞ்சின் பற்றி என்று சொல்லி முடித்துக்கொள்வேன். உனக்குப் புரியாது என்று நினைத்துவிட்டேன். எஞ்சினைப் பிரித்து மாட்டுகிற உனக்குப் புரியாதாம், பிரிக்கவே தெரியாத எனக்குப் புரியுமாம்.

இப்போது சொல்கிறேன். பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. அதைச் சுற்றியிருக்கிற ரிங், லைனர் குழாயின் உள்சுவரை உரசிக்கொண்டே போகிறது. ஆனால் நேராக உரசுவதில்லை. நடுவில் ஆயில் ஒரு படலமாக நிற்கிறது. தலைமயிரைக் குறுக்கே இருபதாகக் கிழித்தால் ஒரு கீற்று எவ்வளவு இருக்குமோ அவ்வளவு தடிமன், சில இடத்தில் அதைவிடக் குறைவு. பிஸ்டன் வேகமாக ஓடும் நடுப்பகுதியில் படலம் தடித்து நிற்கும். மேல் முனைக்குப் போய்த் திரும்புவதற்கு முன்னால் பிஸ்டன் ஒரு கணம் நின்றுபோகும். நீகூட ஒருமுறை சக்கரத்தைக் கையால் சுற்றிக் காட்டி, "மேல போயி நின்னு யோசிக்குது பாரு மச்சான்" என்றாய். அங்கேதான் படலம் மெலியும். வேகம் இல்லாவிட்டால் ஆயிலுக்குத் தாங்கும் சக்தி இல்லை. எந்த இடத்தில் படலம் எவ்வளவு, உராய்வு எவ்வளவு, எவ்வளவு தேயும் என்று கணக்குப் போட்டுக் கம்ப்யூட்டரில் ஓட்டுவதுதான் என் வேலை. காலையில் ஓட விட்டால் சாயங்காலம்தான் விடை வரும்.

அந்தக் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். குளிரூட்டிய அறை. தூசி பட்டால் கம்ப்யூட்டர் கெட்டுவிடுமாம்.

சரி. விஷயத்துக்கு வருகிறேன், வராமல் சுற்றிக்கொண்டே இருக்கிறேன்.

நான் இஞ்சினியரிங் மூன்றாம் வருஷம் படித்தபோது பொங்கல் லீவுக்கு வந்தேன். கம்பெனிக்கு உன்னைப் பார்க்க வந்தேன். கரண்ட் போயிருந்தது. உன் எஞ்சின் கல் அரைக்கிற கொட்டகையின் மூலையில் நின்று பெல்ட்டை இழுத்துக்கொண்டிருந்தது. அதன் ஏர் கிளீனர் நசுங்கி, தூசியைப் பிடிக்கிற எண்ணெய்க் கிண்ணம் எப்போதோ தொலைந்துபோயிருந்தது. புதுசு கேட்டு நீ மூன்று தடவை சொல்லியும் வாங்கித் தரவில்லை. அதனால் நாயகியின் பழைய புடவை ஒன்றைப் பாதியாகக் கிழித்து, நாலாக மடித்து, நனைத்து, காற்று இழுக்கிற வாயில் கட்டியிருந்தாய். மணிக்கொரு தரம் எஞ்சினை நிறுத்தி அதை அவிழ்த்துத் தொட்டியில் அலசினாய். தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது.

எஞ்சினுக்கு மட்டும் துணி, உன் மூக்குக்கு இல்லையா என்று கேட்டேன். நீ பீடியை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னாய்:

"அது மொதலாளி வெல குடுத்து வாங்குன மூக்கு மச்சான். இது எங்கம்மா சும்மா குடுத்தது."

நான் சிரித்தேன். எனக்கு அது ஜோக்காகத்தான் பட்டது.

புகைக்குழாயில் கறுப்பாகப் புகை வந்துகொண்டிருந்தது. எனக்குப் பாடம் நினைவுக்கு வந்துவிட்டது. காற்று குறைந்தால் டீசல் முழுக்க எரியாது, கரும்புகை வரும். போன மாதப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். அதை அப்படியே உன்னிடம் ஒப்பித்தேன். "அவுத்துடு மாப்ள, எஞ்சினுக்கு மூச்சு முட்டுது" என்றேன்.

தூசி உள்ளே போகுமே என்று நீ கேட்டாய். போனால் ஆயில் அதைப் பிடித்துக்கொள்ளும், ஆயிலை மாற்றும்போது அதுவும் வெளியே வந்துவிடும் என்று சொன்னேன். எந்தப் புத்தகத்தில் படித்தேன் அதை? எதிலும் இல்லை. அந்த நேரத்துக்கு வாயில் வந்தது. நீ என் முகத்தைப் பார்த்தாய். "படிச்சவன் சொல்ற, செரி" என்று அவிழ்த்தாய். புகை குறைந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது, மாப்ள. பஸ்ஸில் திரும்பும்போது வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

இரண்டு மாதத்தில் எஞ்சின் இறுகி நின்றுபோனது.

நான் அப்போதும் ஊருக்கு வந்திருந்தேன், பரீட்சைக்குப் படிக்கிற லீவு. என் அப்பா அதே கம்பெனியில் மண்ணை அச்சில் அழுத்துகிற வேலை செய்கிறவர், அவர் மூலம் மேனேஜர் சொல்லி அனுப்பினார். போனேன். கொட்டகையில் அன்றைக்கு அரவை இல்லை. தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். சாக்கின் மேல் உன் பிஸ்டனும் லைனரும் கிடந்தன. நெடுக நெடுகக் கோடு. மேனேஜர் என்னை "இஞ்சினியர் சார்" என்று கூப்பிட்டு நாற்காலி போட்டார், கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். என்னை யாரும் அதற்கு முன்னால் அப்படிக் கூப்பிட்டதில்லை. நீ நின்றுகொண்டிருந்தாய்.

நீ ஒன்றே ஒன்றுதான் சொன்னாய்.

"ஆயிலு அளவா இருந்துச்சு மச்சான். கையால தொட்டாதான் நறநறன்னுச்சு."

அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் இருந்தது. ஆயிலில் கல்மாவு கலந்திருக்கிறது, அதுதான் தேய்த்திருக்கிறது என்று உன் விரல் கண்டுபிடித்துவிட்டது. நான் அதைக் காதில் வாங்கவில்லை. ஆயில் இல்லாமல் பிஸ்டன் பிடித்துக்கொண்டால் இப்படிக் கோடு விழும் என்று புத்தகத்தில் படம் பார்த்திருந்தேன். கம்பெனி லெட்டர்பேடில் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். ஆயில் போதாததால் எஞ்சின் இறுகியது என்று ஒரு வரி. கொட்டகையில் தூசி இல்லை, காற்று வரும் வழியில் குறை இல்லை என்று இன்னொரு வரி. கழுவிய தரையைப் பார்த்து எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன்.

நீ பக்கத்திலேயே நின்றாய். துணியை அவிழ்க்கச் சொன்னதே இவன்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

உன்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. எஞ்சினைத் தொடக் கூடாது என்று சொல்லிக் கல் வாரிப் போடுகிற இடத்துக்குத் தள்ளினார்கள். எஞ்சின் மூலையில் நின்றவனை மிஷின் வாய்க்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஆயில் ஊற்ற மறந்தவன் என்று பேர் வேறு. டீக்கடையில் உன் தலையைக் கண்டதும், "தலைக்காவது எண்ண வெச்சியா கொளஞ்சி?" என்று கேட்பார்களாம். நீ அதற்கும் சிரித்துக்கொண்டு பெஞ்சில் உட்காருவாயாம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த வருஷமே உன் மகனுக்குக் காதுகுத்து. உன் பேர்க்காரச் சாமி கொளஞ்சியப்பர் கோயிலில். நாயகிக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் வேண்டும். உன் பெரியப்பா மகன்கள் முணுமுணுக்க, நீ என்னைக் கைபிடித்து இழுத்து மணையில் உட்காரவைத்தாய். பிள்ளை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு வீறிட்டு அழுதான். என் கையெழுத்து உன்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது என்று அன்றைக்கு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. தெரிந்தே உட்காரவைத்தாய்.

பிறகு இருமல். பிறகு டி.பி. என்று சொல்லி மாத்திரை. மாதக்கணக்காகத் தின்றாய், இருமல் குறையவில்லை. மாத்திரையைச் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று உன்னைத்தான் திட்டினார்கள். ஆயில் ஊற்றாதவன், மாத்திரை சாப்பிடாதவன். எல்லாக் குற்றமும் ஏன் மாப்ள உன்னிடமே வந்து நிற்கிறது? கடைசியில் பாண்டிச்சேரியில் ஒரு டாக்டர்தான் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். அதுவரை யாரும் உன்னை அதைக் கேட்டதில்லை.

அந்த டாக்டரிடம் நான் தனியாகப் பேசினேன். இது டி.பி. இல்லை, கல்தூசி நுரையீரலில் படிந்து வருகிற நோய் என்றார். பெரிய தூசியை மூக்கே பிடித்துவிடும், மிகப் பொடியானதுதான் நுரையீரலின் அடிவரை போகும் என்றார். எவ்வளவு பொடி என்று கேட்டேன். சில மைக்ரான் என்றார். மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு மைக்ரான். நான் ராப்பகலாகக் கணக்குப் போடுகிற ஆயில் படலமும் சில மைக்ரான்தான். ஆனால் ஊருக்கும் மெட்ராசுக்கும் அலைந்துகொண்டு, வேலை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு, நீ போகிறவரை அதை யோசிக்காமல் தள்ளினேன்.

நீ போன பிறகு ஒருநாள் உன் வீட்டுக்கு வந்தேன். நாயகி ஒரு நகலைக் கொண்டுவந்து நீட்டினாள். கொட்டகையில் தூசியே கிடையாது, இஞ்சினியர் ஒருவர் பார்த்துச் சான்று கொடுத்திருக்கிறார் என்று அவள் மனுவுக்குக் கம்பெனி பதில் போட்டிருந்தது. கூடவே நான் எழுதிய தாள்.

"ஒங்க காயிதத்ததான் காட்டுறாங்க அண்ணே" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது ஆறுதல் சொல்லித் தப்பித்திருப்பேன்.

தலையைத் திருப்பினேன். கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு பிஸ்டனை அண்டை கொடுத்து வைத்திருந்தாள். மூலையில் துடைப்பத்தைச் செருகிவைக்கிற இரும்புக் குழாய் உன் பழைய லைனர். பழைய இரும்போடு போட வேண்டாம் என்று கேட்டு நீ வாங்கி வந்தாயாம். எதற்கு என்று அவளுக்கும் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருந்ததா?

இரண்டையும் சாக்கில் கட்டி மெட்ராசுக்குக் கொண்டுபோனேன். லைனரின் உள்விட்டத்தை மேலிருந்து கீழ்வரை அங்குலம் அங்குலமாக அளந்தேன். ஆயில் இல்லாமல் இறுகியிருந்தால் பிஸ்டனின் உலோகம் உருகி நடுச்சுவரில் அப்பியிருக்க வேண்டும். அப்படி இல்லை. தேய்மானம் முழுக்க மேல் முனையில், ரிங் நின்று திரும்புகிற இடத்தில். என் கணக்கிலும் தூசி இல்லாமல் ஓட்டினால் அந்த உருவம் வரவே இல்லை. படலத்தின் தடிமனுக்குச் சமமான கடினத் துகளை ஆயிலில் சேர்த்து ஓட்டினேன். அதைவிடச் சின்னது உரசாமல் போய்விடுகிறது, ரொம்பப் பெரியது இடுக்கில் நுழைவதில்லை. சமமானதுதான் இரண்டு பக்கமும் கடிக்கிறது. விடை சாயங்காலம் வந்தது. நான் அளந்து வரைந்த கோட்டின் மேல் கணக்கில் வந்த கோடு போய்ப் படிந்தது. பிஸ்டனின் பக்கவாட்டில் பதிந்திருந்த பொடியை என்னோடு படிக்கிறவன் ஒருவன் நுண்ணோக்கியில் பார்த்துக் கல்மாவு என்று உறுதி சொன்னான். வெள்ளைக்கல்.

எஞ்சினைக் கடித்ததும் உன் நுரையீரலுக்குள் போனதும் ஒரே மாவு. ஒரே அளவு. இரண்டு பேரும் ஒரே கொட்டகையில் ஒரே காற்றை இழுத்திருக்கிறீர்கள்.

அந்த ஈரத்துணி எல்லாவற்றையும் தடுத்திருக்காது. ஆனால் அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள மாட்டேன். நிறையத் தடுத்திருக்கும். எஞ்சின் ஓடியிருக்கும், நீ மூலையிலேயே நின்றிருப்பாய். இன்னும் கொஞ்ச வருஷம் இருந்திருப்பாயா? என் கணக்கில் மனுஷனுக்குச் சமன்பாடு இல்லை.

என் புரொஃபசருக்கு ரொம்பச் சந்தோஷம். கணக்கும் அளவும் இவ்வளவு பொருந்துவது அபூர்வமாம். ஆய்வறிக்கையில் தனி அத்தியாயமாகவே போடச் சொல்கிறார். எஞ்சின் எங்கே ஓடியது என்று எழுத வேண்டுமே என்று கேட்டேன். தூசி மிகுந்த தொழிற்சூழல் என்று போட்டால் போதும் என்றார். நல்லவர்தான். ஓட்டியவன் என்ன ஆனான் என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. நானும் அன்றைக்குச் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் அறையிலிருந்து வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு நின்றேன், எங்கே போவது என்று தெரியவில்லை.

நான் கடலூரில் பேசப்போகிற செய்தி கம்பெனிக்குப் போய்விட்டது. மேனேஜர் என் அப்பாவைக் கூப்பிட்டு, பையனுக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது, பழைய கதையெல்லாம் எதற்கு என்றாராம். அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டார்:

"ஒனக்கென்னடா, சொல்லிட்டு மெட்ராசுக்கு பஸ்ஸு ஏறிடுவ. நான் காலையில எழுந்திரிச்சு அங்கதான போவணும்?"

நாலு நாளாக அவர் என்னோடு பேசவில்லை. அவருக்கும் இப்போது இருமல் இருக்கிறது. அதையும் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நேற்று லைனரையும் பிஸ்டனையும் திரும்பக் கொண்டுவந்து நாயகியிடம் கொடுத்தேன். அளந்ததைச் சொன்னேன். பிறகு நின்றபடியே சொன்னேன், துணியை அவிழ்க்கச் சொன்னவன் நான் என்று. அவள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"தெரியும் அண்ணே. அவரு அன்னைக்கே சொன்னாரு. இது வெளிய தெரிஞ்சா காலேஜுல பேர அடிச்சுத் தொரத்திடுவாங்க, அவன் படிப்பு போயிடும்னாரு. வாயத் தொறக்காதன்னு எங்கிட்ட சத்தியம் வாங்குனாரு."

மாப்ள, எந்தக் காலேஜில் அப்படிப் பேரை அடிப்பார்கள்? அப்படி ஒரு சட்டம் எங்கும் இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே. இல்லாத ஒரு சட்டத்துக்குப் பயந்து அந்த மிஷின் வாயில் போய் நின்றாயா?

அவள் அதோடு விடவில்லை. நீ போன பதினாறாம் நாள் காரியம் முடிந்து, கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய் முனியப்பர் முன்னால் பிராது கட்டியிருக்கிறாள். நம் பக்கத்தில் அநியாயம் நடந்தால் தாளில் எழுதிச் சாமியிடம் கட்டிவிட்டு வருவார்களே, அது. அவளுக்கு எழுதத் தெரியாது. எழுதுகிறவர் யார் பேரில் என்று கேட்டிருக்கிறார்.

"கம்பெனி பேரச் சொன்னேன். அப்பறம் ஒங்க பேரயும் சொன்னேன்" என்றாள். முறத்தைக் கீழே வைத்து என்னை நேராகப் பார்த்தாள். "அவரு இருந்தா எழுத வுட்டிருக்க மாட்டாரு. சத்தியம் வாங்குனது மனுசங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுதான? சாமிகிட்ட சொல்லலாம்ல?"

எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் உலகத்தில் இப்போது இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்று நான் இங்கிலீஷில் எழுதியது. இன்னொன்று எழுதத் தெரியாதவள் சொல்லி எழுதியது. சரியாக எழுதப்பட்டது எது?

பிறகு அவளே கேட்டாள். "இப்ப போயி ஒங்க பேர எடுத்துடவா அண்ணே?"

"வேணாம்" என்றேன். "இருக்கட்டும்."

அவள் உள்ளே போய் ஒரு துணியை எடுத்து வந்தாள். நீ எஞ்சினுக்குக் கிழித்துக்கொண்டுபோன புடவையின் மீதிப் பாதி. அதில்தான் பிள்ளைக்குத் தூளி கட்டியிருந்தாளாம். பஸ்ஸில் கொண்டுபோக வசதியாக லைனரை அதில் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன், மாப்ள. செவ்வாய்க்கிழமை அந்த மேசையில் மூட்டையை அவிழ்ப்பேன். அளவையும் கணக்கையும் எடுப்பதற்கு முன்னால், துணியை அவிழ்க்கச் சொன்னதும் நான், கழுவிய தரையைப் பார்த்துப் பொய் எழுதியதும் நான் என்று தமிழிலேயே சொல்லி, நாயகிக்கும் புரிகிற மாதிரி எழுதிக் கையெழுத்துப் போடுவேன். கோயிலில் இருக்கிற என் பேரை எடுக்கச் சொல்லி அவளிடம் எந்நாளும் கேட்கமாட்டேன். எடுப்பதாக இருந்தால் அவளாக எடுக்கட்டும்.

உன் பிள்ளைக்கு மடி கொடுத்த
உன் மச்சான்,
தங்கராசு